எங்கள் அக்காவின் டின் இஸ்டூவும் ஓர் ஈயப் பொட்டும்

இன்று முதலாண்டுப் பூசை கண்டு, கல்லறை வரைக்கும் நடந்துபோய் ஒரு பிடி பூவைப் போட்டுவிட்டு, இந்தச் சிறு புத்தகத்தைக் கையில் வாங்கியிருக்கிற சொந்தபந்தங்களுக்கும் சிநேகிதர்களுக்கும், எங்கள் அக்கா அவர்களின் ஒரே தம்பி கைகூப்பிச் சொல்லிக்கொள்வது.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். அப்படியிருந்தும் இராயபுரத்தில் ஒரு கடை, காலடிப்பேட்டையில் ஒரு கடை, சரக்கு வைக்க ஒரு கிடங்கு என்று என் பெயர் எழுதிய பலகை மூன்று இடத்தில் தொங்குகிறது. எவனிடமும் கை நீட்டாமல், எந்தத் துரைக்கும் சலாம் போடாமல் வந்தவன் நான். அச்சாபீஸ்காரர், கொடுங்கள், நல்ல தமிழில் மாற்றித் தருகிறேன் என்றார். ஒரு எழுத்தையும் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டேன். ஏனென்றால் இதில் நான் சொல்லியே ஆகவேண்டிய ஒரு சங்கதி இருக்கிறது. படித்தவர் கை பட்டால் அதை மெழுகி மூடிவிடுவார்.

எங்கள் அக்காவின் கைச்சோற்றுக்கு ஒன்பது வருஷமாக ஒரு கெட்ட பேர் இருந்தது. உங்களுக்கெல்லாம் தெரியும். அந்தப் பேரோடுதான் அக்கா அவர்கள் மண்ணுக்குள் போனார்கள். அந்தப் பேர் அக்காவுடையது அல்ல. அதை எடுப்பதற்காகத்தான் எழுதுகிறேன். கடைசியில் அக்காவின் இஸ்டூ, அதாவது தேங்காய்ப்பால் விட்ட கறிக் குழம்பு, வைக்கும் விதமும் எழுதியிருக்கிறேன். எதற்கு என்பது படித்தால் விளங்கும்.

அக்கா அவர்கள் பிறந்தது காசிமேட்டுக்குப் போகிற வழியில் ஒரு சந்தில், ஓலை வீட்டில். எங்கள் நைனா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். என்னைப் பெற்ற நாற்பதாம் நாள் அம்மா போய்விட்டார்கள். அக்காவுக்கு அப்போது ஒன்பது வயது. கஞ்சித் தண்ணீரை வடிகட்டி, துணியில் நனைத்து, என் வாயில் வைத்து உயிர் பிடித்து வைத்தவர்கள் அவர்கள்தான். எவனிடமும் கை நீட்டவில்லை என்று மேலே எழுதினேன். ஒருத்தியிடம் நீட்டியிருக்கிறேன்.

பத்துப் பன்னிரண்டு வயதில் மண்ணடிக் கிடங்குகளுக்குப் பருப்புப் புடைக்கப் போனார்கள். முறத்தில் விழுகிற சத்தத்தை வைத்தே கல் கிடக்கிறதா, சொத்தை கிடக்கிறதா என்று சொல்லிவிடுவார்களாம். மேஸ்திரி வேண்டுமென்றே ஒரு கல்லைப் போட்டுவிட்டு, "இன்னாம்மா, சுத்தமா கீதா?" என்று கேட்டால், "நீ போட்ட கல்லுதான் மேஸ்திரி, ஒண்ணே ஒண்ணு" என்பார்களாம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். என் பிழைப்பே இந்தக் காதில்தான் ஓடியது.

பிறகு ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த மச்சானுக்கு வாழ்க்கைப்பட்டார்கள். பிள்ளைகள் நாலு. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணம் பாதி காலியானபோது, மச்சானுக்கு லீவு கிடையாது, அக்காவும் நகரவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு எங்கே போவது என்றார்கள். அந்தத் தெருவில் தனியாக இருந்த ஆம்பளைகள் ஏழெட்டுப் பேர் அந்த மாதங்களில் அக்கா கையில்தான் சாப்பிட்டார்கள். அவர்களில் இரண்டு பேர் இன்றைக்கும் பூசைக்கு வந்திருக்கிறார்கள்.

சண்டை முடிந்தது. பட்டாளத்துக்காரன் தின்று மீந்த டின்களை எல்லாம் ஏலம் விட்டார்கள். இருபது வருஷம் மூட்டை தூக்கிய முதுகோடு நானும் போய் ஏலத்தில் நின்றேன். நல்ல சரக்கையெல்லாம் பெரிய கைகள் கொண்டுபோய்விட்டன. எனக்குக் கிடைத்தது கடல்தண்ணி பட்டுக் காகிதம் கழன்றுபோன டின்கள். எல்லாம் மொட்டை. உள்ளே கறியா, பட்டாணியா, பாலா, எவனுக்கும் தெரியாது. அதனால்தான் மலிவு.

அக்கா வீட்டு முற்றத்தில் கொண்டுபோய்க் கொட்டினேன். அக்கா ஒவ்வொன்றாக எடுத்துக் காதோரம் குலுக்குவார்கள். கரண்டிக் காம்பால் மேலே ஒரு தட்டு, கீழே ஒரு தட்டு. பட்டாணி என்றால் உள்ளே சலசலக்கும். பால் என்றால் களுக்கென்று ஒரு பக்கமாகச் சாயும். கறி என்றால் தொப்பென்று உட்காரும். சாக்பீஸால் குறி போட்டுத் தருவார்கள். ஊதிப்போன டின் என்றால் தட்டினதும் மத்தளம் மாதிரிப் பேசும். அதைத் தனியாக எடுத்து, "இத்த கடல்ல போட்டுடு, நாய்க்குக் கூட வெக்காத" என்பார்கள்.

நான் தள்ளுவண்டியில் வைத்து இராயபுரம் மார்க்கெட் வாசலில் விற்றேன். "இன்னா மாமு, உள்ள கறி கீதா, களிமண்ணு கீதா?" என்று கேலி பண்ணுவார்கள். நான் டின்னைக் காதில் வைத்து, கண்ணை மூடி, தட்டிக் காட்டி, "பட்டாணி, பொய்யின்னா துட்டு வாபஸ்" என்பேன். உடைத்தால் பட்டாணிதான். டின்னோடு பேசுகிறவன் என்று எனக்கு ஊரெல்லாம் பேர். என் காதுக்கு ஒரு மண்ணும் தெரியாது. சாக்பீஸ் குறியைப் பார்த்துச் சொன்னேன். இன்றைக்குத்தான் இதை முதல் தடவையாக ஒப்புக்கொள்கிறேன்.

அந்த டின்களை வைத்து அக்கா ஒரு இஸ்டூ கண்டுபிடித்தார்கள். ரேஷன் காலம். ஆட்டுக்கறி வாங்க வழியில்லாத வீடுகள். அக்கா வைத்த டின் இஸ்டூ வாசனை வந்தால் தெருவே கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வரும். ஞானஸ்நானம், கலியாணம், எதுவானாலும் எங்கள் உறவில் அண்டாப் பக்கம் நிற்கிறது அக்காதான். மச்சானுடைய அம்மா வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வருவது லேசில்லை. அவர்களே, "எம் மருமவ கையி இருக்கே, அது மாதா குடுத்த கையி" என்று சொல்லி நான் கேட்டிருக்கிறேன்.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

அக்காவின் கடைசி மகளுக்குப் புதுநன்மை, கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். அப்போதுதான் நான் தள்ளுவண்டியை விட்டுவிட்டு முதல் கடையைத் திறந்து மூன்று மாசம். மச்சான் வீட்டாரெல்லாம் கூடியிருந்த இடத்தில், விருந்துக்குக் கறி டின் பன்னிரண்டும் தாய்மாமன் பொறுப்பு, யாரும் ஒன்றும் வாங்க வேண்டாம் என்று மார்தட்டிவிட்டு வந்தேன். விருந்துக்கு முந்தின நாள் பார்த்தால் நல்ல டின் ஒன்பதுதான் இருக்கிறது. மீதியை வாய் நிறைய வியாபாரம் பேசி விற்றிருந்தேன். ஒன்பது கொடுத்தால் என் மூஞ்சி என்ன ஆகும்?

கிடங்கில் ஊதிப்போன டின்கள் கிடந்தன. கடலில் போடு என்று அக்கா ஒதுக்கினவை. துறைமுகத்தில் ஒருத்தன் ஒரு தந்திரம் சொல்லிக்கொடுத்திருந்தான். டின் அடியில் ஆணியால் ஒரு ஓட்டை. உஸ் என்று காற்று இறங்கி டின் தட்டையாகிவிடும். அப்படியே கொதிக்கிற தண்ணியில் போட்டு எடுத்து, ஓட்டை மேல் ஒரு சொட்டு ஈயம் பற்றவைத்தால் முடிந்தது. பார்வைக்குப் புது டின். அடியில் மிளகு அளவு ஒரு பொட்டு மட்டும் இருக்கும். மூன்று டின்னுக்கு என் கையாலேயே பொட்டு வைத்தேன்.

பூசை காலை ஏழு மணிக்கு. நன்மை வாங்குகிறவர்கள் அதற்கு முன்னால் பச்சைத் தண்ணிகூடப் பல்லில் படவிடக் கூடாது என்பது நமக்கெல்லாம் தெரிந்தது. மகளோடு சேர்ந்து அக்காவும் மச்சானும் மற்றப் பிள்ளைகளும் நன்மை வாங்க இருந்தார்கள். ஆகவே விடியற்காலையில் இஸ்டூ வைத்து இறக்கிவிட்டுத்தான் கோயிலுக்குப் போகவேண்டும். ஆனால் வைக்கிறவர்கள் ஒருத்தரும் ருசி பார்க்க முடியாது.

அக்கா மகளுக்கு வெள்ளை உடுப்பு மாட்டி, தலைக்கு முக்காடு வைத்துக்கொண்டிருந்தார்கள். டின்களை நான் முற்றத்தில் உடைத்து அண்டாவில் கவிழ்த்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து அக்கா குரல் வந்தது.

"டேய் தம்பி, எல்லாத்தையும் தட்டிப் பாத்தியா?"

"பாத்தேங்கா."

"பன்னெண்டையுமா?"

"எங்கிட்டயே கேக்கிறியே. பன்னெண்டும் கல்லு மாதிரி கீது."

அதற்குமேல் அக்கா கேட்கவில்லை. நான் தட்டியிருந்தாலும் எனக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. அது அக்காவுக்கும் தெரியும். ஆனாலும் தம்பி சொன்னால் சரி.

இன்னொன்றும் எழுதவேண்டும். எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். நான் அன்றைக்கு நன்மை வாங்கவில்லை. கோயிலில் கடைசி வரிசையில் நின்றேன். நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்க்க அந்த வீட்டில் தடையில்லாத ஆள் நான் ஒருத்தன். வைக்கவில்லை. விருந்திலும் உட்காரவில்லை. கடையில் ஆள் இல்லை என்று சொல்லிக் கிளம்பிவிட்டேன்.

மத்தியானத்துக்குள் ஆள் வந்தது. போய்ப் பார்த்தால் வீடு முழுக்க வாந்தி. பாய் போட இடமில்லை. மச்சானுடைய அம்மா கண் சொருகிக் கிடக்கிறார்கள். புதுநன்மைப் பிள்ளை அந்த வெள்ளை உடுப்போடு வாளியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. டாக்டர் வந்து சிலரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். ஆண்டவர் புண்ணியத்தில் ஒரு உயிரும் போகவில்லை. மச்சானுடைய அம்மா மட்டும் மாசக்கணக்கில் எழுந்திருக்கவில்லை. அக்கா எல்லாருக்கும் பரிமாறி முடிக்கிறபோது அண்டா காலி. அவர்கள் வாயில் ஒரு பருக்கை படவில்லை. அதுவே அவர்களுக்கு வினையாகப் போனது. "வெச்சவளுக்கு மட்டும் ஒண்ணும் ஆவல பாத்தியா" என்று மச்சானுடைய பெரியம்மா வாசலில் நின்று எல்லார் காதிலும் விழச் சொன்னார்கள்.

அக்கா பின்பக்கம் டின்களைப் பொறுக்கப் போனவர்கள் கொஞ்ச நேரம் வரவே இல்லை. வந்ததும் நேரே கூடத்துக்கு வந்து, எல்லார் எதிரிலும் சொன்னார்கள்.

"அண்டாவுல ஈயம் தேஞ்சிருந்துச்சி. பித்தள களிம்பு ஏறிச்சி. நான் பாத்திருக்கணும், பாக்கல. எந் தப்பு."

சொல்லும்போது அக்கா யாரையும் பார்க்கவில்லை. சொல்லி முடித்ததும் என்னை ஒரு தடவை பார்த்தார்கள். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததா என்று இத்தனை வருஷமாக யோசித்துப் பார்க்கிறேன். என்னால் சொல்ல முடியவில்லை. திறந்து மூன்று மாசமான கடை. போலீஸ் வந்திருந்தால் அன்றைக்கே இழுத்து மூடியிருப்பேன், என் பிள்ளைகள் தெருவில் நின்றிருக்கும். அது எனக்கு உறைப்பதற்கு முன்னால் அக்காவுக்கு உறைத்திருக்கிறது. நான் வாயைத் திறக்கவில்லை. அந்த அண்டாவை நானே தூக்கிக்கொண்டு போய் ஈயம் பூசக் கொடுத்தேன். பூசுகிறவர், இதில் பழைய ஈயமே நன்றாக இருக்கிறதே என்றார். சும்மா பூசு ஐயா என்றேன்.

அதிலிருந்து ஒன்பது வருஷம். உங்களில் பலர் பார்த்ததுதான். திருவொற்றியூரில் மச்சானுடைய தங்கை மகளுக்குக் கலியாணம். பழக்கதோஷத்தில் அக்கா முந்தானையைச் சொருகிக்கொண்டு அண்டாப் பக்கம் போனார்கள். அதே பெரியம்மா வந்து கரண்டியை வாங்கிக்கொண்டு, "நீ அடுப்பாண்ட வராத, இன்னா? அங்க குந்திகினு வெங்காயம் உரி" என்றார்கள். அன்றைக்கு உட்கார்ந்தவர்கள்தான். அப்புறம் எந்த வீட்டு விசேஷமானாலும் அக்காவுக்கு ஒரு மூலை, ஒரு அலுமினியத் தட்டு, ஒரு கூடை வெங்காயம். யாராவது இளசுகள் பாவப்பட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால், "இன்னாடி பாக்கிற? ஊரே அய்துகினு உரிக்குது. நான் சிரிச்சிகினே உரிக்கிறன் பாரு" என்பார்கள். உண்மையிலேயே அக்காவுக்குக் கண்ணில் தண்ணி வராது. வந்து நான் பார்த்ததில்லை.

அதே கலியாணங்களில் தாய்மாமன், பெரிய மனுஷன் என்று எனக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டார்கள். உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் வெங்காய மூலை தெரியும். பிறகு பிறகு, தெரியாதபடி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்ளப் பழகினேன்.

விருந்தாளிகள் அக்கா வீட்டுக்கு வந்தால் கடை டீ வாங்கிவரச் சொல்வார்கள். அக்காவும் சிரித்துக்கொண்டே வாங்கி அனுப்புவார்கள். அக்கா இஸ்டூ வைப்பதையே விட்டுவிட்டார்கள்.

கடைசியில் அக்கா அவர்களுக்கு மூச்சுத் திணறல், இருதயம் பலவீனம் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஒரு நாள் பழ டின் ஒன்று வாங்கிக்கொண்டு போனேன். இது கப்பலில் வந்த முதல் தரம். காகிதம் ஒட்டினது. அந்தப் பெரியம்மாவும் இன்னும் நாலு பேரும் கட்டிலைச் சுற்றி இருந்தார்கள். நான் டின்னைத் திறக்கப் போனேன். அக்கா கையைத் தூக்கி நிறுத்தினார்கள்.

"தட்டிப் பாரு."

தட்டினேன்.

"இன்னா சொல்லுது?"

"நல்லா கீதுன்னு சொல்லுதுக்கா."

"எங்கிட்ட குடு."

வாங்கித் தலையணையோரம் காதில் வைத்து, விரலால் ஒரு தட்டுத் தட்டினார்கள். "ஆமா, நல்லா கீது. ஒட" என்றார்கள். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். கடைக்கு நாலு பேர் வந்துபோகிற ஆள், பெரியம்மா முன்னால் எப்படி என்று முழுங்கிவிட்டேன். அக்கா ரெண்டு துண்டு சாப்பிட்டார்கள். மூன்றாம் நாள் போய்விட்டார்கள்.

அடக்கம் முடிந்து வீட்டில் உலை வைத்தபோது, அக்காவின் கடைசி மகள், அந்தப் புதுநன்மைப் பிள்ளை, அரிசி அளந்துகொண்டிருந்தாள். அளந்தது ஒரு பழைய டின். அது அரிசிப் பானையில் எத்தனையோ வருஷமாகக் கிடப்பதை நானே பார்த்திருக்கிறேன். கவிழ்த்துக் கொட்டும்போது அடியில் அந்தப் பொட்டைப் பார்த்தேன். நான் வைத்தது. மங்கிப்போய், மிளகு அளவு.

இது ஏது என்று கேட்டேன். "அம்மா இத்த யாராண்டயும் குடுக்காதன்னு சொல்லிச்சி மாமா. அளந்துட்டு அடி தெரியாம அரிசிக்குள்ள சொருவி வெய்யின்னும் சொல்லிச்சி. ஏன்னு சொல்லல" என்றாள்.

தூக்கி எறிந்தால் எவனாவது எடுத்துப் பார்ப்பான் என்று பயந்து, ஒன்பது வருஷம் அதிலேயே அரிசி அளந்திருக்கிறார்கள். மற்ற இரண்டையும் என்ன செய்தார்களோ, தெரியாது.

அவளிடம் சொல்ல எனக்குப் பத்து மாசம் பிடித்தது. முழுக்கக் கேட்டாள். திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை. "அன்னிலேந்து எங்கம்மா வெச்ச கொயம்ப நான் மோந்து பாக்காம துன்னதே இல்ல மாமா. ஒவ்வொரு வாட்டியும் அம்மா பாத்துகினுதான் இருந்துச்சி" என்றாள். பிறகு அந்த டின்னை எடுத்துக் கவிழ்த்து அடியைப் பார்த்துவிட்டு, "புஸ்தகத்துல எய்துங்க. இஸ்டூ வெக்கிற வெதத்தையும் எய்துங்க. அதுல ஒண்ணும் தப்பில்லன்னு எல்லாரும் வெச்சிப் பாக்கட்டும்" என்றாள். அதனால் எழுதுகிறேன்.

பத்துப் பேருக்குச் சொல்கிறேன். கறி டின் இரண்டு, தக்காளி டின் ஒன்று, பட்டாணி டின் ஒன்று. உருளைக்கிழங்கு எட்டு. பெரிய வெங்காயம் எட்டு, நீளமாக அரிந்தது. இஞ்சி ஒரு விரல், பச்சைமிளகாய் பத்து, பட்டை, கிராம்பு, கறிவேப்பிலை. தேங்காய் ஒன்று, பால் பிழிந்து முதல் பால், இரண்டாம் பால் தனியாக. டின்களை முதலில் சுடுதண்ணியில் கால்மணி போட்டு வையுங்கள், கறியில் உறைந்த கொழுப்பு இளகும். எண்ணெயில் பட்டை, கிராம்பு, இஞ்சி, மிளகாய், வெங்காயம். வெங்காயம் சிவக்கக் கூடாது, கண்ணாடி மாதிரி ஆனால் போதும். உருளைக்கிழங்கும் இரண்டாம் பாலும் விட்டு வேகவிடுங்கள். வெந்ததும் தக்காளி டின், கறி டின், சாற்றோடு கொட்டுங்கள். சாற்றைக் கீழே ஊற்றினால் அக்காவுக்குப் பிடிக்காது. கரண்டியால் குத்தாதீர்கள், கறி முன்பே வெந்தது, பஞ்சாகிவிடும். நன்றாகத் தளதளவென்று கொதித்த பிறகு பட்டாணி. கடைசியில் முதல் பால், கறிவேப்பிலை, ஒரு கரண்டி காடி, அதுதான் வினிகர், விட்டு இறக்கிவிடுங்கள். உப்பை இறக்கும்போதுதான் பார்க்க வேண்டும், டின் கறியில் உப்பு இருக்கும். ரொட்டிக்கும் ஆகும், ஆப்பத்துக்கும் ஆகும்.

இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று. ஒவ்வொரு டின்னையும் மேலே ஒரு தட்டு, கீழே ஒரு தட்டு. ஊதியிருந்தால் எறியுங்கள். கவிழ்த்துப் பாருங்கள். அடியில் ஈயப் பொட்டு இருந்தால் எறியுங்கள். விற்கிறவன் எவ்வளவு பெரிய கடைக்காரனாக இருந்தாலும், சொந்தத் தம்பியாகவே இருந்தாலும், தட்டிப் பார்த்தேன் என்று அவன் சொல்வதை நம்பாதீர்கள்.

அக்கா அவர்களைக் கடைசி நாட்களில் பார்த்துக்கொண்ட டாக்டர் அவர்களுக்கும், நர்சம்மாக்களுக்கும், நற்கருணை கொண்டுவந்து கொடுத்த சாமியார் அவர்களுக்கும், பெட்டியைத் தோளில் சுமந்த மச்சானுடைய ஒர்க்‌ஷாப் தோழர்களுக்கும், மூன்று நாள் எங்கள் வீட்டில் உலை வைத்த தெருக்காரர்களுக்கும் நான் காலத்துக்கும் கடமைப்பட்டவன். அந்தப் பெரியம்மா அவர்களுக்கும் சொல்கிறேன். நீங்கள் பேசியதில் தப்பில்லை, ஆளைத்தான் தப்பாகப் பிடித்தீர்கள். நான் யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமோ அவர்கள் கல்லறையில் இருக்கிறார்கள். இன்று காலை அங்கேதான் முதலில் போனேன்.

இங்கிருந்து எல்லாரும் அக்கா வீட்டுக்கு வர வேண்டும். வந்த கையோடு யாரும் கடை டீ குடித்துவிட்டுப் போகக் கூடாது. இன்றைக்கு டின் இஸ்டூ. டின்களை அக்கா மகள் தட்டிப் பார்த்து வைத்திருக்கிறாள். அவளுக்கு அந்தக் காது இருக்கிறது. அண்டாப் பக்கம் அவள் நிற்பாள். முதல் தட்டு எனக்குப் போடச் சொல்லியிருக்கிறேன், நான் தின்றதைப் பார்த்துவிட்டு நீங்கள் கை வையுங்கள்.

எனக்கு நாற்காலி போட வேண்டாம். வெங்காயம் நான் உரிக்கிறேன்.